ஒரு பெயர் தாங்கிய பல மீன்கள்

உலகத்துப் பொருள்கள் பெயரால் அறியப்படுகின்றன. கண்ணாற் காணாத பொருளையும் பெயர் கேட்ட அளவில் மனம் உருவமைத்துக் கொள்கிறது. அப்பெயர்களைத் தமிழ் இலக்கண நூலார் இடுகுறிப் பெயர் என்றும் காரணப் பெயர் என்றும் இரண்டாகப் பகுத்தனர். மரம், மண் என்பன காரணம் கருதாது முன்னோர் இட்டு வழங்கியவை. ஆதலின் இடுகுறிப் பெயர்கள். பறத்தலாற் பறவை எனவும், மரத்தைக் கொத்துதலால் மரங்கொத்தி எனவும் வழங்குவன காரணப் பெயர்கள். இவ்விரண்டன் இயல்பும் ஒருங்கே அமைந்த பெயரும் உண்டு. முள்ளை உடையது என்னும் காரணம் பற்றி முள்ளி என்னும் பெயர் எழுந்தது. எனினும், முள்ளுடைய செடிகள் அனைத்தையும் முள்ளி என்று வழங்குவார் இலர். குறிப்பிட்ட செடிக்கே அப்பெயர் உரியதாயிற்று. இதனைக் காரண இடுகுறிப் பெயர் என்பர்.

இவ்வகைப் பெயரால் ஓர் இடர்ப்பாடும் நேர்வதுண்டு. காரணம் பல பொருள்களுக்கும் பொதுவாக இருத்தல் கூடும். ஆகவே, ஒரு நாட்டார் ஒரு பொருளுக்கு இட்ட பெயரை, அதே காரணம் பற்றி வேறு நாட்டார் வேறொரு பொருளுக்கு இட்டுவிடுவர். இருவரும் தத்தம் ஊரளவில் வழங்கும் வரையில் அதனால் தீங்கில்லை. ஒருவர் விற்பதை மற்றவர் வாங்கப் புகும்போதுதான் மயக்கம் பிறக்கிறது. இதற்குத் தக்க சான்றாக விளங்குவது, மேனாட்டார் நெடுங்காலமாக உண்டுவரும் ‘ஒயிட்டிங்’ என்னும் மீனின் பெயர்.

வடகடல் மீன்

ஆங்கிலத்தில் ‘ஒயிட்’ என்றால் வெண்மை. வெண்மையான தசையும் வெள்ளி போன்ற பக்கங்களும் உடைமையால் ‘ஒயிட்டிங்’ என்னும் பெயர் இம்மீனுக்கு அமைந்தது. இதனை வெண்மீன் எனத் தமிழிற் சொல்லலாம். இது வாழும் இடம், பிரிட்டனைச் சூழ்ந்த வடகடலும் ஐரிஷ் கடலும் அவற்றை அடுத்த அட்லாண்டிக் மாகடலின் கரையோரப் பகுதிகளும் ஆகும். கருங்கடலிலும் இது காணப்படும்.

தமிழ்நாட்டு மாணவர் இம்மீனைக் கண்டிருக்க இயலாது. ஆனால், இதன் உறவினம் ஒன்றன் பெயரைக் கேட்டிருப்பர். மருந்துக் கடைகளில் ‘காட் மீன் எண்ணெய்’ என ஒன்று விற்கப்படுகிறது. அந்தக் காட் மீனின் குடும்பத்தைச் சேர்ந்ததே ஒயிட்டிங். இக்குடும்பத்து மீன்கள் கொழுப்பைத் தசையிற் சேர்த்து வைக்காமல் ஈரலிற் சேர்த்து வைக்கும் இயல்பின. ஆதலால், அவற்றின் ஈரலிலிருந்து எண்ணெய் எடுக்கின்றனர். தசையோ கொழுப்புக் குறைந்து வெண்மையாக இருக்கிறது.

ஒயிட்டிங் மீனை அடையாளம் காண்பது அரிதன்று. அதன் முதுகில் மூன்று துடுப்புகளும், வயிற்றின் பின்புறத்தில் இரண்டு துடுப்புகளும் உள்ளன. மேல்தாடை கீழ்த்தாடையைவிடச் சிறிது முன்னே நீண்டிருக்கும். மார்புத் துடுப்பின் அடியில் சிறிய கரும்புள்ளி ஒன்று உண்டு. காட் மீனின் மோவாயில் தொங்கும் தசைநூல் இதற்கு இல்லை. இருப்பினும் மிகச் சிறியதாகவே இருக்கும். பெரும்பாலும் 30 முதல் 40 செ.மீ. நீளமுள்ள மீன்களே வலையில் அகப்படுகின்றன, 70 செ.மீ. வரையில் வளர்வதும் உண்டு.

மணலும் சேறுமான கடலடியை ஒட்டி இம்மீன் இரை தேடும். இறால், நண்டு, சிறுமீன் ஆகியவை இதன் உணவு. இதன் குஞ்சுகள் உயிர் காக்கும் முறை வியப்பைத் தருவது. சொறி என்று மீனவர் கூறும் இழுதுமீனின் குடைபோன்ற உடலின் கீழே அவை கூட்டமாக ஒதுங்கும். பட்டால் எரிக்கும் இழைகள் அங்குத் தொங்குவதால் பகைமீன்கள் அணுக அஞ்சுகின்றன. பிறர்க்கு நஞ்சாவதே இக்குஞ்சுகளுக்கு வேலியாகிறது.

உணவும் சொல்லும்

ஒயிட்டிங் மீனின் தசை மென்மையானது, எளிதிற் செரிப்பது. ஆதலால், இங்கிலாந்தில் நோயுற்று எழுந்தோர்க்கு ஏற்ற உணவாக இதனை முற்காலத்திற் பெரிதும் போற்றினர். ஆனால் மென்மையே இதற்குக் குறையும் ஆயிற்று. பிடித்த பின்னர் இதன் சுவை விரைவிற் குன்றிவிடும். கரையை அடைந்த அன்றே சமைத்தால் இனிக்கும் மீன், காலம் தாழ்த்தால் சுவையற்றுப் போகும். பனிக்கட்டியும் விரைவூர்திகளும் இல்லாத காலத்தில் இது கடற்கரை ஊரார்க்கே முழுச் சுவையுடன் கிடைத்தது.

மீனை வளைத்து, அதன் வாலை அதன் வாயிலேயே கவ்வச் செய்து, மாவிற் புரட்டிப் பொரித்தெடுப்பது பிரான்சிலும் இங்கிலாந்திலும் பழைய வழக்கம். லூயி கரோல் 1865-இல் வெளியிட்ட ‘அற்புத உலகில் ஆலிஸ்’ என்னும் சிறுவர் கதையிலும் வாலை வாயிற் கவ்விய ஒயிட்டிங் பற்றிய நகைப்பேச்சு வருகிறது. அக்காலத்துச் சிறுவர்க்கு அம்மீன் உணவுத் தட்டில் எந்தக் கோலத்தில் வரும் என்பது நன்கு தெரிந்திருந்தமையால், அந்த நகைச்சுவை அவர்களுக்கு எளிதில் விளங்கியது.

பிரெஞ்சு மொழியில் இம்மீனுக்கு ‘மெர்லான்’ என்று பெயர். அப்பெயரை அந்நாட்டார் ஒரு காலத்தில் முடிதிருத்துவோர்க்கும் கேலியாக வழங்கினர். செல்வர் அணிந்த பொய்ம்முடிகளுக்கு வெண்பொடி தூவும் தொழிலாளரின் உடல் முழுவதும் அப்பொடி படிந்திருக்கும். பொரிப்பதற்கு மாவிற் புரட்டிய மீனை அத்தோற்றம் நினைவூட்டியது. ஆங்கிலத்திலோ, சுவருக்கு வெள்ளையடிக்கவும் மக்குச் செய்யவும் பயன்படும் சீமைச் சுண்ணாம்புத் தூளுக்கும் ‘ஒயிட்டிங்’ என்றே பெயர். வெண்மை என்னும் ஒரு காரணம் கடலிலும் சுவரிலும் ஒரே சொல்லை நிறுத்திவிட்டது. பல பொருள் குறித்த ஒரு சொல் எல்லா மொழிக்கும் உரியது என்பது இதனால் விளங்கும். மீனையும் சுண்ணாம்பையும் எவரும் மாறி உணரார். ஆனால், மீனை மீனோடு மாறி உணர்தல் எளிது. இனி அதனைக் காண்போம்.

உறவுடைய பெயரினர்

ஐரோப்பாவின் மேற்கே, அட்லாண்டிக் மாகடலின் ஆழ்ந்த நீரில், நீல ஒயிட்டிங் என்னும் மீன் பெருங்கூட்டமாக வாழ்கிறது. முதுகு நீலங்கலந்த சாம்பல் நிறமுடையது. இதுவும் காட் குடும்பத்தைச் சேர்ந்ததே; ஆயினும் பேரினம் வேறு. வடகடல் ஒயிட்டிங் மக்கள் உணவாக விற்கப்படுவது. நீல ஒயிட்டிங்கிற் பெரும்பகுதி மீன்தூளாகவும் மீனெண்ணெயாகவும் மாற்றப்பட்டு, வளர்ப்பு மீன்களுக்கும் கால்நடைக்கும் தீனியாகிறது. பூமியின் தென்பாதியிலும், ஆர்ஜெண்டைனா, நியூசிலாந்து ஆகிய நாடுகளை அடுத்த குளிர்ந்த கடல்களில், தென்னக நீல ஒயிட்டிங் என்று மற்றொன்று உண்டு. இம்மூன்றும் ஒரு குடும்பத்துப் பங்காளிகள் போன்றவை. அவை ஒரு பெயரைப் பகிர்ந்துகொண்டதில் ஓரளவு நியாயம் இருக்கிறது.

உறவில்லாப் பெயரினர்

1788-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் ஆஸ்திரேலியாவிற் குடியேறத் தொடங்கினர். புதிய நாட்டில் அவர்கள் கண்ட மரமும் பறவையும் மீனும் அவர்கள் அறியாதவை. அறியாத பொருளைக் கண்டவர், அறிந்த பொருளின் பெயரையே அதற்கு இட்டு மனம் அமைவது இயல்பு. ஆற்றில் வாழும் ஒரு மீனை ‘முர்ரே காட்’ என்றனர். அது காட் மீன் அன்று. கரையோரத்து மீன் ஒன்றை ‘ஆஸ்திரேலிய சால்மன்’ என்றனர். அது சால்மனும் அன்று. அவ்வாறே, மணற்பாங்கான கரைநீரில் வாழ்ந்த மெலிந்த வெள்ளி மீன்களை ஒயிட்டிங் என்று அழைத்தனர். தாயகத்தின் நினைவே அப்பெயர்களுக்குக் காரணம் எனலாம்.

ஆஸ்திரேலியாவின் இந்த ஒயிட்டிங்குகள் ‘சில்லாகோ’ மீன்களின் குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பத்து மீன்களின் முதுகில் இரண்டு துடுப்புகளே உள்ளன. முன் துடுப்பில் முட்களும் உண்டு. காட் குடும்பத்து ஒயிட்டிங்கிற்கோ துடுப்புகள் மூன்று; அவற்றில் முள் இல்லை. தென் ஆஸ்திரேலியாவில் மிக உயர்வாக மதிக்கப்படும் ‘கிங் ஜார்ஜ் ஒயிட்டிங்’ இக்குடும்பத்திற் பெரியது, 70 செ.மீ. அளவுக்கும் வளர்வது. அந்நாட்டார்க்கு ஒயிட்டிங் என்றவுடன் நினைவில் எழுவது இக்குடும்பமே.

அமெரிக்காவில் இம்மயக்கம் இன்னும் பெரிது. அதன் கீழ்க்கரையில் ஒயிட்டிங் என்று விற்கப்படுவது பெரும்பாலும் ‘வெள்ளி ஹேக்’ என்னும் மீன். அது காட் குடும்பத்திற்குத் தூரத்து உறவு. ஆனால், தென்கிழக்குக் கரையோரத்தில் அலை மோதும் மணலில் தூண்டிலிட்டுப் பிடிக்கும் வேறொரு மீனையும் ஒயிட்டிங் என்கின்றனர். அது தமிழ்நாட்டு மீனவர் கத்தாளை எனக் கூறும் மீன்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதற்குக் ‘கிங் ஃபிஷ்’ என்றும் ஒரு பெயர் உண்டு. இப்பெயராலாவது மயக்கம் தீருமோ எனின், அதுவும் இல்லை. சென்னை அங்காடியிற் ‘கிங் ஃபிஷ்’ என்று கேட்பவர்க்குக் கிடைப்பது வஞ்சிரமே!

தமிழ்க் கரையின் கிழங்கான்

ஒயிட்டிங் என்னும் பெயர் தமிழகக் கரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. தமிழ் மீனவர் கிழங்கான் என்று வழங்கும் மீனை, ஆங்கிலத்தில் எழுதுவோர் ‘இந்திய ஒயிட்டிங்’ என்றும் ‘வெள்ளி ஒயிட்டிங்’ என்றும் குறிக்கின்றனர். ‘லேடி ஃபிஷ்’ என்றும் அதற்கு ஒரு பெயர் வழங்குகிறது. அந்தப் பெயரோ முற்றிலும் வேறான மீன்களுக்கும் உரியது.

கிழங்கான் பனங்கிழங்கு போல் நீண்டு, முகம் கூர்ந்து, வெள்ளி மினுக்கத்துடன் விளங்கும். மணற்கரையை ஒட்டிய ஆழமில்லாத நீரிலும், ஆறு கடலொடு கலக்கும் கழிமுகங்களிலும் வாழும். மணலிற் புதைந்துள்ள புழுக்களும் சிறு இறால்களும் இதன் இரை. அச்சுறுத்தினால் நொடிப்பொழுதில் மணலைக் குடைந்து மறைந்துகொள்ளும். ஆதலால், வலை மேலே சென்றபின் மணலிலிருந்து எழுந்து தப்பிப் போவதும் உண்டு. இதன் தசையும் வெண்மையும் மென்மையும் உடையது. குழம்புக்கும் வறுவலுக்கும் ஏற்றது. எனவே, ‘வெண்மை’ என்னும் காரணம் இதற்கும் பொருந்துவதே. ஆயினும், இது ஆஸ்திரேலிய ஒயிட்டிங்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. வடகடல் ஒயிட்டிங்கிற்கு உறவே அன்று.

இக்கிழங்கானுக்கு அறிவியற் பெயர் அமைந்த வரலாறு கருதத்தக்கது. சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், ஒவ்வோர் உயிர்க்கும் பேரினப் பெயர், சிற்றினப் பெயர் என்னும் இரண்டு சொற்களால் ஆகிய பெயரை வழங்கும் முறையை நிலைநாட்டினார். 1758-இல் வெளியான தம் நூற்பதிப்பில் அவர் விலங்குகளுக்கு அம்முறைப்படி பெயரிட்டார். வடகடல் ஒயிட்டிங்கும் அந்நூலிற் பெயர் பெற்றது. இன்று அது ‘மெர்லாங்கியஸ் மெர்லாங்கஸ்’ என்று வழங்குகிறது.

லின்னேயஸின் மாணாக்கருள் ஒருவர் பீட்டர் ஃபோர்ஸ்கால். டென்மார்க்கு அரசர் அரேபியாவிற்கு அனுப்பிய ஆராய்ச்சிக் குழுவில் ஒருவராக அவர் 1761-இற் புறப்பட்டார். எகிப்திலும் செங்கடற் கரையிலும் செடிகளையும் மீன்களையும் தொகுத்து, ஒவ்வொன்றன் இயல்பையும் குறித்து வைத்தார். 1763-இல் ஏமன் நாட்டிற் காய்ச்சலால் இறந்தார். அக்குழுவில் உயிருடன் நாடு திரும்பியவர் கார்ஸ்டன் நீபூர் ஒருவரே. நண்பர் விட்டுச்சென்ற குறிப்புகளை அவர் போற்றிக் காத்து, 1775-இல் நூலாக வெளியிட்டார். செங்கடல் முதல் தமிழகக் கரைக்கும் அப்பாலும் பரவியுள்ள கிழங்கானுக்கு அந்நூலிலேதான் ‘சிகாமா’ என்னும் சிற்றினப் பெயர் முதன்முதலாக அச்சில் ஏறியது. இன்று அதன் முழுப் பெயர் ‘சில்லாகோ சிகாமா’. ஒரு சிறு மீனின் பெயருக்குப் பின்னே, தாயகம் காணாது மாண்ட இளைஞர் ஒருவரின் உழைப்பு இருக்கிறது.

பெயர் மயக்கத்தால் வரும் கேடு

‘உண்பவனுக்குச் சுவை போதும், பெயர் எதுவானால் என்ன?’ என்று ஒருவர் வினவலாம். இதற்கு விடை உண்டு.

முதலாவது, வாங்குவோர் நலம். விலை குறைந்த மீனை விலை உயர்ந்த மீனின் பெயரால் விற்பதற்குப் பொதுப் பெயர் இடம் தருகிறது. இதனைத் தடுக்கவே, ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் இயற்றிய விதி, அங்காடியில் விற்கும் மீனுக்கு வழக்குப் பெயரோடு அறிவியற் பெயரையும் காட்டுதல் வேண்டும் என்று கட்டளையிட்டது.

இரண்டாவது, நாடுகளுக்கு இடையே எழும் வழக்கு. அமெரிக்காவின் மேல்கரையில் வாழும் ஒருவகை ஹேக் மீனை ‘பசிபிக் ஒயிட்டிங்’ என்னும் பெயரால் விற்கின்றனர். அம்மீன் அமெரிக்க நாட்டுக் கடலுக்கும் கனடா நாட்டுக் கடலுக்கும் மாறி மாறிச் செல்வது. அதனைப் பங்கிட்டுக் கொள்வதற்காக இரு நாடுகளும் 2003-இல் ஓர் உடன்படிக்கை செய்தன. ஒரு மீனைப் பற்றிய அவ்வுடன்படிக்கையின் தலைப்பிலேயே ‘ஹேக்’, ‘ஒயிட்டிங்’ என்னும் இரு பெயர்களையும் எழுத வேண்டியதாயிற்று. எதனைப் பங்கிடுகிறோம் என்பதில் ஐயம் நேர்ந்தால் பங்கீடு நில்லாது அன்றோ?

மூன்றாவதே தலையாயது; அது மீனின் வாழ்வைப் பற்றியது. நீல ஒயிட்டிங்கை 2004-ஆம் ஆண்டில் 20 லட்சம் டன்னுக்கு மேற் பிடித்தனர். அவ்வாண்டுகளில், அதனைப் பிடிக்கும் நாடுகள் தம்முள் அளவு வகுத்துக் கொள்ளவில்லை. பின்னர்க் குஞ்சுகளின் பெருக்கமும் குறைந்தது. 2011-இல் பிடித்த அளவு ஏறக்குறைய 1 லட்சம் டன்னாகச் சுருங்கியது. அளவு வகுத்துப் பிடித்தமையாலும் புதிய குஞ்சுகள் பெருகியமையாலும் அது மீண்டும் பெருகிற்று. ஐரிஷ் கடலில் வாழும் வடகடல் இனத்து ஒயிட்டிங்கின் நிலையோ வேறு. அங்குச் சேற்றில் வாழும் நார்வே சிங்கி இறாலைப் பிடிக்க இழுவலை இடுகின்றனர். விலைபோகாத சிறிய ஒயிட்டிங் குஞ்சுகள் அவ்வலையில் அகப்பட்டு மடிகின்றன. வளர்ந்து இனம் பெருக்கும் முன்பே குஞ்சுகள் அழிவதால், அக்கடலில் அவ்வினம் மிகவும் குன்றிவிட்டது.

இப்போது ஒருவர், ‘ஒயிட்டிங் இலட்சக்கணக்கான டன் கிடைக்கிறது, குறைவு எங்கே?’ என்று சொன்னால், அவர் நீல ஒயிட்டிங்கின் கணக்கைக் காட்டி, ஐரிஷ் கடல் மீனின் அழிவை மறைத்தவர் ஆவார். அவர் பொய் சொல்லும் நோக்கம் உடையவரல்லர். பெயரே அவரை ஏமாற்றிவிட்டது. கணக்கு சரியாக இருந்தும், கணக்கிடப்பட்ட பொருள் மாறிப்போயிற்று.

முடிவுரை

இவ்வாறு கூறியதனால், மக்கள் வழங்கும் பெயர்கள் இழிந்தவை என்று கொள்ளுதல் கூடாது. கிழங்கான் என்னும் பெயரைக் கேட்ட மீனவர், அது வாழும் மணலையும், அது மறையும் விரைவையும், அதற்கேற்ற வலையையும் ஒருங்கே நினைக்கிறார். அவ்வறிவு பல தலைமுறை உழைப்பின் பயன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணப் படையில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே, 1875 முதல் 1878 வரை வெளியான ‘இந்திய மீன்கள்’ என்னும் பெருநூலில், அறிவியற் பெயர்களோடு தமிழ் முதலிய நாட்டுமொழிப் பெயர்களையும் சேர்த்தெழுதினார். மீனை நாள்தோறும் கையாள்பவரின் சொல் இன்றியமையாதது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

ஊர்ப்பெயர் ஓரூரார்க்குள் பேசுவதற்கு உரியது. அறிவியற் பெயர் எல்லா ஊரார்க்கும் பொதுவானது. முன்னது அன்பால் அழைக்கும் வீட்டுப் பெயர் போன்றது. பின்னது ஆவணத்தில் எழுதும் முழுப் பெயர் போன்றது. வீட்டுப் பெயரை மறப்பவர் உறவை இழப்பர். ஆவணப் பெயரை அறியாதவர் உடைமையை இழப்பர். ஆகவே, ஒரு பெயரைக் கேட்டவுடன் அது எந்தக் கரையில், யாரால், எக்காரணம் பற்றி வழங்கப்பட்டது என்று வினவிப் பொருளைத் தெளிதல் கற்றவர் கடமையாகும். வெண்மை என்னும் ஒரு காரணத்தால் ஒரு பெயர் பெற்ற மீன்கள் பலவும் இப்பாடத்தையே உணர்த்துகின்றன.

வினாக்கள்

1. காரண இடுகுறிப் பெயர் என்பது யாது? ‘ஒயிட்டிங்’ என்னும் பெயர் அவ்வகையில் அடங்குமாற்றை விளக்குக.
2. வடகடல் ஒயிட்டிங்கிற்கும் கிழங்கானுக்கும் உள்ள வேறுபாடுகளைக் கூறுக.
3. கிழங்கானின் அறிவியற் பெயர் அச்சில் ஏறிய வரலாற்றைச் சுருக்கி எழுதுக.
4. பெயர் மயக்கத்தால் விளையும் மூன்று கேடுகள் யாவை? அவற்றுள் தலையாயது எது? ஏன்?
5. உங்கள் ஊரில் ஒரே பெயர் தாங்கிய வேறு வேறு செடிகளோ பறவைகளோ மீன்களோ உண்டாயின், அவற்றைப் பற்றி ஒரு பத்தி வரைக.